வெர்ஷன் மாறியதும் வெள்ளைப் பக்கம்: பிஎச்பி எரர்களை எங்கிருந்து படிப்பது?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்ட கேள்வி இது:

"அண்ணா, வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையின் வெப்சைட்டை நான் பார்த்துக்கொள்கிறேன். வேறு யாரோ பிஎச்பி என்ற நிரல் மொழியில் எழுதிவைத்த பழைய கோடு. ஹோஸ்டிங்காரர்கள் பிஎச்பி வெர்ஷனை 7.4-லிருந்து 8.2-க்கு மாற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து எல்லாப் பக்கத்திலும் 'வார்னிங்: அன்டிஃபைண்ட் அரே கீ' என்று வருகிறது. ஆர்டர் பக்கத்தில் அதற்கும் மேலே, 'கேனாட் மாடிஃபை ஹெடர் இன்ஃபர்மேஷன், ஹெடர்ஸ் ஆல்ரெடி சென்ட், அவுட்புட் ஸ்டார்ட்டட் அட் கான்ஃபிக்.பிஎச்பி:1' என்று இருந்தது. டிஸ்ப்ளே எரர்ஸை ஆஃப் செய்தேன். வார்னிங் எல்லாம் போய்விட்டது, ஆனால் ஆர்டர் பக்கம் மட்டும் வெள்ளையாக நிற்கிறது. ஆடித் தள்ளுபடி வரப்போகிறது. பழைய வெர்ஷனுக்கே திரும்பிவிடலாமா?"

தம்பி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். தள்ளுபடி தலைக்கு மேல் நிற்கிறது என்றால், சில நாள் அவகாசத்துக்காக 7.4-க்குத் திரும்பிப் போவதில் தப்பில்லை. பெரும்பாலான ஹோஸ்டிங் கன்ட்ரோல் பேனலில் வெர்ஷனை நாமே தேர்ந்தெடுக்கலாம். ஆனால் அங்கேயே தங்கிவிடாதே. 7.4-க்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2022 நவம்பரோடு நின்றுவிட்டன. கடை வாடிக்கையாளர்களின் பெயர், போன் நம்பர், வீட்டு முகவரி எல்லாம் அந்த டேட்டாபேஸில் இருக்கிறது. அதைப் பூட்டு இல்லாத கதவுக்குப் பின்னால் வைக்கக் கூடாது.

இப்போது வெள்ளைப் பக்கத்துக்கு வருவோம். எரரைப் பக்கத்திலேயே காட்டும் டிஸ்ப்ளே எரர்ஸை ஆஃப் செய்தது சரியான காரியம்தான். ஓடிக்கொண்டிருக்கும் சைட்டில் அது எப்போதும் ஆஃபில்தான் இருக்க வேண்டும். எரர் செய்தியில் ஃபைல் இருக்கும் முழுப் பாதை வருகிறது, டேட்டாபேஸ் இணைப்பு தவறினால் அதன் யூசர் பெயரே வருகிறது. புடவை பார்க்க வந்தவருக்கு அது எதற்கு? ஆனால் வாடிக்கையாளரிடமிருந்து மறைக்கும்போது நம்மிடமிருந்தும் சேர்த்து மறைத்துவிட்டோம் என்றால் அப்புறம் இருட்டில்தான் துழாவ வேண்டும். டிஸ்ப்ளே எரர்ஸ் ஆஃப் என்றால், எரரை ஒரு ஃபைலில் (அதுதான் லாக்) எழுதிவைக்கும் லாக் எரர்ஸ் கட்டாயம் ஆன். எரர் ரிப்போர்ட்டிங் 'ஈ ஆல்', அதாவது எல்லா வகை எரரும். லாக் எங்கே எழுதப்பட வேண்டும் என்பதற்கு 'எரர் லாக்' என்ற அமைப்பில் ஒரு பாதை கொடு. அந்த ஃபைல் பப்ளிக் ஹெச்டிஎம்எல் ஃபோல்டருக்கு வெளியே இருக்கட்டும். உள்ளே வைத்தால் பிரவுசரில் பெயரை அடித்தே யாராவது படித்துவிட முடியும்.

இவற்றை பிஎச்பி அமைப்புகளுக்கான 'டாட் யூசர் டாட் ஐஎன்ஐ' (.user.ini) ஃபைலில் எழுதினால், மாற்றம் உடனே பிடிக்காது. பிஎச்பி அந்த ஃபைலை 300 விநாடிக்கு ஒருமுறைதான் மறுபடி பார்க்கும். எழுதிவிட்டு ஐந்து நிமிடம் பொறு. "எழுதினேன், வேலை செய்யவில்லை" என்று பலர் கைவிடுவது இந்த ஐந்து நிமிடத்துக்குள்தான்.

ஏற்கனவே லாக் எழுதப்பட்டுக்கொண்டே இருக்கவும் வாய்ப்பு உண்டு. சிபேனல் வகை ஹோஸ்டிங்கில் ஸ்கிரிப்ட் இருக்கும் ஃபோல்டரிலேயே 'எரர்_லாக்' என்ற ஃபைல் கிடக்கும். உன் லேப்டாப்பில் பிஎச்பியை ஓட்ட ஸாம்ப் வைத்திருக்கிறாய் என்றால், அதன் வெப் சர்வரான அப்பாச்சியின் ஃபோல்டருக்குள் லாக்ஸ். உபுண்டு சர்வர் என்றால் வார், லாக், அப்பாச்சி2 என்ற பாதை. ஃபைலைக் கண்டுபிடித்ததும் அதன் பெயரை மாற்றி ஓரமாக வை. புதிதாக ஒரு காலி லாக் உருவாகட்டும் (அப்பாச்சியின் லாக் என்றால், அப்பாச்சியை நிறுத்திவிட்டுப் பெயரை மாற்றி மறுபடி தொடங்கினால்தான் உருவாகும்). பிறகு ஆர்டர் பக்கத்தை ஒரே ஒரு தடவை திற. இப்போது லாக்கில் இருப்பது அந்த ஒரு தடவையில் நடந்தது மட்டும்தான். மேலிருந்து படி. கீழிருந்து படிக்காதே.

ஏன் மேலிருந்து? ராயபுரம், பெரம்பூர் பக்கம் சின்னக் கடைகளின் சைட்டுகளை இத்தனை காலமாகப் பார்த்துக்கொண்டிருப்பவன் என்ற முறையில் உறுதியாகச் சொல்கிறேன்: பத்து எரர் வரிசையாக வந்தால் அதில் முதலாவதோ இரண்டாவதோதான் நிஜமான நோய். மற்றதெல்லாம் அதன் வால். உன் ஆர்டர் பக்கமே அதற்கு நல்ல உதாரணம். நீ எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால் லாக்கின் கடைசி வரி கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும்:

'பிஎச்பி ஃபேட்டல் எரர்: அன்காட் டைப்எரர்: கவுன்ட்: ஆர்க்யுமென்ட் #1 மஸ்ட் பி ஆஃப் டைப் கவுன்டபிள் ஆர் அரே, நல் கிவன், இன் ஆர்டர்.பிஎச்பி:47'

இதைத் துண்டு துண்டாகப் பார். 'ஃபேட்டல்' என்றால் ஸ்கிரிப்ட் அந்த இடத்திலேயே செத்துவிட்டது, அதற்குக் கீழே ஒரு வரியும் ஓடவில்லை. வெள்ளைப் பக்கத்துக்கு அர்த்தம் அதுதான். 'வார்னிங்' என்றால் முணுமுணுத்துவிட்டு மேலே போகும். 'டெப்ரிகேட்டட்' என்றால் இன்றைக்கு ஓடும், வருங்கால வெர்ஷனில் ஓடாது. அடுத்து நடுப்பகுதி: எண்ணச் சொன்னாய், எண்ணுவதற்கு அரே (மதிப்புகளின் பட்டியல்) தரவில்லை, நல் (ஒன்றுமே இல்லை என்று அர்த்தம்) தந்தாய். கடைசியில் ஃபைலும் வரி எண்ணும்.

பலரும் அந்த 47-ஆவது வரியையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த வரியில் ஒரு குற்றமும் இருக்காது. மழை நாளில் கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்பது அங்கே மட்டும் மழை கொட்டியதால் அல்ல, சுற்றுவட்டாரத் தண்ணீர் எல்லாம் அந்தப் பள்ளத்துக்கு வந்து சேர்வதால். வரி எண் காட்டுவதும் தண்ணீர் நிற்கும் இடத்தைத்தான். தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதை நாம்தான் மேலே ஏறிப் பார்க்க வேண்டும்.

ஏறிப் பார்ப்போம். 47-இல் எண்ணப்படுவது செஷனில் (வாடிக்கையாளர் பக்கம் மாறினாலும் அவர் விவரத்தை சர்வர் வைத்திருக்கும் இடம்) இருக்கும் கார்ட், அதாவது அவர் வாங்கப் போட்டுவைத்த பை. அது ஏன் நல்? அதற்கு மேலே 'அன்டிஃபைண்ட் குளோபல் வேரியபிள் செஷன்' என்று ஒரு வார்னிங் இருக்கும், அதாவது செஷன் என்ற ஒன்றே இல்லை, அதனால் கார்ட்டும் இல்லை. வாடிக்கையாளர் புடவையைக் கார்ட்டில் போட்டாரே, ஏன் இல்லை? அதற்கும் மேலே 'செஷன் கேனாட் பி ஸ்டார்ட்டட் ஆஃப்டர் ஹெடர்ஸ் ஹேவ் ஆல்ரெடி பீன் சென்ட்' என்று இருக்கும். செஷன் தொடங்கவே இல்லை. ஏன்? பக்கத்தின் எழுத்துக்கு முன்னால் போக வேண்டிய தகவல்தான் ஹெடர். ஆனால் பிரவுசருக்கு ஏற்கனவே ஏதோ எழுத்து போய்விட்டது. எங்கிருந்து போனது? அதை நீயே எழுதியிருக்கிறாய்: கான்ஃபிக்.பிஎச்பி, வரி 1.

அந்த '1' தான் இந்தக் கதையின் உயிர். முதல் வரியில், பிஎச்பி கோடு இங்கே ஆரம்பம் என்று காட்டும் தொடக்கக் குறியைத் தவிர ஒன்றும் இல்லையே, அது எப்படி எதையும் அனுப்பும்? முதல் வரியில் அவுட்புட் ஆரம்பித்தது என்றால் இரண்டே சாத்தியம். ஒன்று, தொடக்கக் குறிக்கு முன்னால் ஒரு ஸ்பேஸோ காலி வரியோ இருக்கிறது. இன்னொன்று, ஃபைலின் தலையில் 'பிஓஎம்' என்ற கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட் உட்கார்ந்திருக்கிறது. விண்டோஸின் பழைய நோட்பேடில் யூடிஎஃப்-8 என்று சேவ் செய்தால் இந்த மூன்று பைட் தானாக ஒட்டிக்கொள்ளும். கடைப் பெயரைத் தமிழில் எழுதவோ, டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றவோ யாரோ எப்போதோ அந்த ஃபைலை நோட்பேடில் திறந்திருப்பார்கள்.

அப்படியானால் 7.4-இல் ஏன் ஓடியது என்று கேட்பாய். நியாயமான கேள்வி. 'அவுட்புட் பஃபரிங்' என்று ஒரு அமைப்பு உண்டு. அது 4096 என்று இருந்தால், முதல் 4096 பைட்டை பிஎச்பி உடனே அனுப்பாமல் கையில் வைத்திருக்கும். அதற்குள் செஷன் தொடங்கிவிட்டால் பிஓஎம் இருந்தும் எரர் வராது. பூஜ்யம் என்று இருந்தால் அந்த மூன்று பைட்டே போதும், ஹெடர் போய்விடும். ஒவ்வொரு வெர்ஷனுக்கும் தனி ஐஎன்ஐ ஃபைல் என்பதால் வெர்ஷன் மாறும்போது இந்த எண்ணும் சத்தமில்லாமல் மாறியிருக்கலாம். எல்லா அமைப்புகளையும் காட்டும் பிஎச்பி இன்ஃபோ பக்கத்தை இரண்டு வெர்ஷனிலும் ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். பார்த்ததும் அந்தப் பக்கத்தை அழித்துவிடு. ஸாம்பில் இது 4096 என்றுதான் வரும். அதனால்தான் உன் லேப்டாப்பில் இந்தக் கோளாறு எட்டிக்கூடப் பார்க்காது.

பஃபரிங்கை மறுபடி ஆன் செய்தாலும் பக்கம் வரும். ஆனால் அது நோயை மூடிவைப்பது. பிஓஎம்மை எடு. விஎஸ் கோட் எடிட்டர் என்றால் கீழே வலப்பக்கம் 'யூடிஎஃப்-8 வித் பிஓஎம்' என்று காட்டும். அதைத் தொட்டு 'சேவ் வித் என்கோடிங்', வெறும் 'யூடிஎஃப்-8'. அவ்வளவுதான். அப்படியே வெறும் பிஎச்பி மட்டும் இருக்கும் ஃபைல்களின் கடைசியில் உள்ள, முடிவைக் காட்டும் ?> குறியையும் எடுத்துவிடு. அதற்குப் பின்னால் தங்கும் ஒரு காலி வரியும் இதே வேலையைச் செய்யும். குறி இல்லாவிட்டால் பிஎச்பிக்கு ஒரு குறையும் இல்லை.

இது சரியானாலும் 47-ஆவது வரியைத் தொடாமல் விடக் கூடாது. கார்ட்டில் ஒன்றும் போடாமல் நேராக ஆர்டர் பக்கத்துக்கு ஒருவர் வந்தால் கார்ட் அப்போதும் நல்தான். 7.4-இல் நல்லை எண்ணச் சொன்னால் ஒரு வார்னிங் கொடுத்துவிட்டு பூஜ்யம் என்று சொல்லும். 8.0-லிருந்து அது ஃபேட்டல். அங்கே ?? போட்டு, இல்லையென்றால் காலி அரே என்று எழுது. காலிப் பை என்பதற்கு அர்த்தம் உண்டு.

மற்ற பக்கங்களில் வரும் 'அன்டிஃபைண்ட் அரே கீ'க்கும் இதே மருந்து என்று நினைத்துவிடாதே. இவை புதிய தப்புகள் அல்ல. 7.4-இல் இதே விஷயம் 'நோட்டீஸ்: அன்டிஃபைண்ட் இன்டெக்ஸ்' என்று இருந்தது, பெரும்பாலானோர் நோட்டீஸை மறைத்துவைத்திருந்தார்கள். 8.0-இல் வார்னிங்காக உயர்ந்ததால் கண்ணில் படுகிறது. ஒவ்வொன்றிலும் நீ கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: இந்த மதிப்பு இல்லாமலே வேலை நடக்கலாமா? பக்க எண் வராவிட்டால் 1 என்று வைத்துக்கொள்ளலாம். வாடிக்கையாளரின் போன் நம்பர் வராவிட்டால்? அங்கே ?? போட்டு வெற்று எழுத்தைக் கொடுத்தால் வார்னிங் போய்விடும், ஆர்டரும் பதிவாகிவிடும், நம்பர் இல்லாமல். பார்சலைக் கட்டிவைத்துக்கொண்டு யாரைக் கூப்பிடுவது என்று கடையில் முழிப்பார்கள். அங்கே வேண்டியது "போன் நம்பரை நிரப்புங்கள்" என்று திருப்பி அனுப்பும் நாலு வரி.

வரிக்கு முன்னால் @ போட்டு எரரை அடக்குவதை நான் எந்த நிலையிலும் ஒப்புக்கொள்ள மாட்டேன். பழைய வெர்ஷனில் அது ஃபேட்டலையே விழுங்கி, செத்ததற்கு ஒரு தடயமும் இல்லாமல் செய்யும். 8.0-லிருந்து ஃபேட்டலை அது அடக்காது. அந்தக் கோடில் @ எங்கெங்கே இருக்கிறது என்று தேடி எடுத்துவிடு. முதலில் எரர் கூடும், பயப்படாதே. உனக்கு அப்போதுதான் சைட்டின் உண்மை நிலை தெரியும்.

அட்மின் பக்கத்தில் ஒரு விசித்திரம் வரலாம், முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். கடைப் பையன் போனில் எடுத்த புடவைப் படங்களை ஏற்றும்போது, விலை, பெயர், நிறம் என்று எல்லாக் கட்டத்துக்கும் 'அன்டிஃபைண்ட் அரே கீ' வரும். ஃபார்ம் சரியாகத்தான் இருக்கும். 'போஸ்ட் மேக்ஸ் சைஸ்' இயல்பாக 8 எம்பி. மொத்த ஃபார்மும் அதைத் தாண்டினால், ஃபார்மில் நிரப்பியது வந்து சேரும் போஸ்ட் அரேயையே பிஎச்பி காலியாகக் கொடுத்துவிடும், படம் மட்டுமல்ல, எல்லாமே மாயமாகிவிடும். தனி ஃபைலுக்கான 'அப்லோடு மேக்ஸ் ஃபைல் சைஸ்' இயல்பாக 2 எம்பிதான். இன்றைய போன் படம் ஒன்றே அதைத் தாண்டுவது சாதாரணம். இரண்டையும் சேர்த்து உயர்த்து, போஸ்ட் எப்போதும் பெரியதாக இருக்கட்டும்.

டேட்டாபேஸ் பக்கம் 8.1-இல் ஒரு பெரிய மாற்றம் வந்தது. அதுவரை குவெரி (டேட்டாபேஸுக்கு அனுப்பும் கட்டளை) தவறினால், அதை அனுப்பும் மைஎஸ்க்யூஎல்ஐ பேசாமல் 'ஃபால்ஸ்' என்று திருப்பும். இப்போது எக்ஸெப்ஷன் வீசும், பிடிக்க ஆள் இல்லை என்றால் பக்கம் விழும். எனக்கு இது நல்ல மாற்றமாகவே படுகிறது, இதுவரை மறைந்திருந்த ஓட்டை எல்லாம் வெளியே வருகிறது. உதாரணத்துக்கு, 'யூ ஹேவ் அன் எரர் இன் யுவர் எஸ்க்யூஎல் சின்டாக்ஸ்' என்று வந்து, கடைசியில் 'நியர்' என்று போட்டு 'குரூஸ்' என்று ஒரு பெயர்த் துண்டு தெரிகிறது என்று வைத்துக்கொள். 'நியர்'க்குப் பின் வருவது டேட்டாபேஸ் குழம்பிய இடம், தப்பு அதற்குச் சற்று முன்னால் இருக்கும். பெரம்பூரில், ராயபுரத்தில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் எத்தனை! டி'குரூஸ், டி'சோசா என்று பெயரிலேயே ஒற்றை மேற்கோள் குறி வரும். பெயரை அப்படியே குவெரிக்குள் ஒட்டியிருப்பதால் அந்தக் குறி குவெரியைப் பாதியில் முடித்துவிட்டது. அந்தக் குறியை எடுத்துவிட்டு எழுதச் சொல்லி வாடிக்கையாளரிடம் கேட்கும் கடைகள் உண்டு. அது மரியாதை இல்லை, தீர்வும் இல்லை. நல்ல மனிதர் தன் பெயரை எழுதியதற்கே உடைகிற இடத்தில் கெட்ட எண்ணத்தோடு வருபவன் டேட்டாபேஸையே எடுத்துக்கொண்டு போகலாம். அந்த இடங்களை எல்லாம், குவெரியையும் மதிப்பையும் தனித்தனியாக அனுப்பும் ப்ரிப்பேர்டு ஸ்டேட்மென்டுக்கு மாற்று. உன் பட்டியலில் பிஓஎம்முக்கு அடுத்த வேலை இதுவாக இருக்கட்டும்.

தமிழில் சரக்குப் பெயர் வைத்திருப்பதால் இதையும் தெரிந்துகொள். 'இன்கரெக்ட் ஸ்ட்ரிங் வேல்யூ' என்று வந்து அதில் 'எக்ஸ்ஈ0 எக்ஸ்ஏஈ' அல்லது 'எக்ஸ்ஈ0 எக்ஸ்ஏஎஃப்' என்று தொடங்கும் குறிகள் தெரிந்தால் அது தமிழ் எழுத்து. யூடிஎஃப்-8-இல் நம் எழுத்துகள் எல்லாம் இந்த இரண்டு ஜோடியில் ஒன்றில்தான் தொடங்கும். அந்த டேபிளோ அதன் நெடுவரிசையோ இன்னும் தமிழ் அடங்காத லத்தீன்1 எழுத்துமுறையில் இருக்கிறது என்று பொருள். 'எக்ஸ்எஃப்0 எக்ஸ்9எஃப்' என்றால் அது இமோஜி. பழைய 'யூடிஎஃப்8' நெடுவரிசையில் தமிழ் அடங்கும், நாலு பைட் இமோஜி அடங்காது. இரண்டுக்கும் தீர்வு யூடிஎஃப்8எம்பி4. ஆனால் பேக்கப் எடுக்காமல் மாற்றாதே. கேள்விக்குறிகளாகவே சேவ் ஆகிவிட்ட பெயர்களை எந்த மாற்றமும் மீட்டுத் தராது.

இன்னொன்று, பெயரைச் சுருக்கிக் காட்டும் இடம். 'பட்டுப்புடவை' நம் கண்ணுக்கு 7 எழுத்து. யூனிகோடில் 12 குறி. பைட்டில் 36. பழைய கோடில், பைட் கணக்கில் வெட்டும் 'சப்ஸ்ட்ர்' போட்டு முதல் 20 என்று வெட்டினால், ஏழாவது குறியின் நடுவில் கத்தி விழுகிறது. அந்த உடைந்த துண்டு ஜேசான் என்கோடுக்குப் போனால் அது 'மால்ஃபார்ம்டு யூடிஎஃப்-8' என்று சொல்லி ஒன்றுமே தராது, பட்டியல் காலியாக நிற்கும். குறி கணக்கில் வெட்டும் 'எம்பி சப்ஸ்ட்ர்' போடு. கொம்பும் காலும் பிரியாமல் வர வேண்டும் என்றால் 'கிராஃபீம் சப்ஸ்ட்ர்'. இதை எழுதியவருக்கு ஆங்கிலப் பெயரில் ஒரு குறையும் தெரிந்திருக்காது, தமிழில்தான் உடையும்.

மற்றவை சின்ன விஷயங்கள். 'நோ சச் ஃபைல்' என்று வந்து, ஃபைல் கண்ணெதிரே இருந்தால், பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசத்தைப் பார். விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளாது, லினக்ஸ் விடாது. 'பார்ஸ் எரர்' வந்தால் காட்டும் வரிக்கு முந்தைய வரியின் முடிவில் அரைப்புள்ளி இருக்கிறதா பார். 'அன்எக்ஸ்பெக்டட் எண்ட் ஆஃப் ஃபைல்' என்றால் எங்கோ ஓர் அடைப்பு மூடப்படவில்லை. சர்வருக்கு ஏற்றும் முன் கமாண்ட் லைனில் பிஎச்பி மைனஸ் எல் (php -l) என்று ஃபைல் பெயரோடு அடித்தால் இந்த வகைத் தப்பு எல்லாம் வீட்டிலேயே பிடிபடும். நல் கொடுத்ததற்கு வரும் 'டெப்ரிகேட்டட்' வரிகளைத் தள்ளுபடி முடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

இதை எல்லாம் ஓடும் சைட்டில் செய்யாதே. முழு நகல் ஒன்றை லேப்டாப்பில் 8.2-இல் போட்டு, அவுட்புட் பஃபரிங்கைப் பூஜ்யமாக்கி, ஒரு வாடிக்கையாளர் போல முதல் பக்கத்திலிருந்து ஆர்டர் முடியும் வரை போ. பிஎச்பி கையேட்டில் 8.0, 8.1, 8.2 ஒவ்வொன்றுக்கும் 'மைக்ரேஷன்' என்று ஒரு பகுதி இருக்கிறது. லாக்கில் புரியாத வரி வந்தால் முதலில் அங்கே தேடு.

அதற்கு மேலும் நின்றால் எனக்கு அனுப்பு. ஸ்கிரீன்ஷாட் வேண்டாம். லாக்கின் முதல் எரர் வரியை முழுசாக, அது காட்டும் இடத்துக்கு மேலும் கீழும் ஐந்தாறு வரி கோடு, பிஎச்பி வெர்ஷன், கடைசியாக எந்த ஃபைலைத் தொட்டாய் என்பது. டேட்டாபேஸ் பாஸ்வேர்டை அழித்துவிட்டு அனுப்பு.